ஆணி அடிக்காமல் ஒரு வீடு

புதுக்கோட்டையில் வாடகைக்கு வீடு பார்த்தவர்களுக்கு அந்த உரையாடலின் வரிசை மனப்பாடமாக இருக்கும். எத்தனை பேர், எங்கே வேலை, சொந்த ஊர் எது. அப்புறம் தண்ணீர், மோட்டார், கரண்ட் பில். அட்வான்ஸ் பேசி முடித்து, சாவியைக் கையில் கொடுக்கும்போதுதான் கடைசி வாக்கியம் வரும்: "சுவத்துல மட்டும் ஆணி அடிச்சிராதீக தம்பி."

11 வருடத்தில் 4 வீடு மாறியிருக்கிறேன். 4 வீட்டிலும் இதே வாக்கியம். வேடிக்கை என்னவென்றால், 4 வீட்டிலும் ஏற்கெனவே ஆணி இருந்தது. வாசல் நிலைக்கு மேலே மாவிலைத் தோரணம் கட்ட இரண்டு, சாமி படத்துக்கு ஒன்று, கூடத்தில் தினசரி காலண்டருக்கு ஒன்று. ஆணி இல்லாத தமிழ் வீட்டை நான் இன்னும் பார்க்கவில்லை. புது ஆணிதான் கூடாது.

இந்த நிபந்தனையை எல்லாரும் வீட்டுக்காரரின் கஞ்சத்தனம் என்றே எடுத்துக்கொள்கிறோம். அதனால் ஒன்று, வெறும் சுவரோடு வருடக்கணக்கில் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டுப் போகிறோம். இல்லையென்றால் அவர் இல்லாத நேரம் பார்த்து அடித்துவிட்டு, காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் என்று சண்டை போடுகிறோம். அவர் எதைப் பார்த்துப் பயப்படுகிறார் என்று தெரிந்துகொண்டால், அந்தப் பயத்துக்கு வெளியே எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும் தெரிந்துவிடும். அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

ஒரு ஓட்டையின் விலை

ஒரு ஆணி ஓட்டையை அடைக்க ஒரு கரண்டி வெள்ளை சிமெண்டு போதும். ஆனால் அடைத்த இடம் வெள்ளையாகத் தெரியும். அதே நிறத்தை வாங்கித் தொட்டு வைத்தாலும், 3 வருடம் வெயிலும் புகையும் பட்ட பெயின்டும் புதுப் பெயின்டும் ஒட்டாது; தேமல் மாதிரி நிற்கும். அதனால் முழுச் சுவரும் அடிக்க வேண்டும். ஒரு சுவர் மட்டும் புதிதாக இருந்தால் மற்ற மூன்றும் அழுக்காகத் தெரியும். ஒரு சுவருக்காகப் பெயின்டரும் வரமாட்டார். ஆக, உங்கள் கணக்கில் ஒரு ஆணி, வீட்டுக்காரர் கணக்கில் ஒரு அறை. அவர் அந்த அறையைத்தான் காப்பாற்றுகிறார்.

சுவர் என்ன செய்கிறது என்பதையும் பார்க்கலாம். இன்றைய செங்கல் சுவரின் மேல் ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் சிமெண்டுப் பூச்சு. அதற்கு மேல் தாள் கனத்துக்குப் பட்டி, அப்புறம் பெயின்ட். ஆணி என்பது ஒரு ஆப்பு. சுத்தியலால் அடிக்கும்போது அது உள்ளே போவதற்கு இடம் கேட்டுப் பூச்சை இரண்டு பக்கமும் தள்ளுகிறது. கெட்டியான சிமெண்டுப் பூச்சு நகராது. மேலே இருக்கிற பட்டிதான் உடைந்து, ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயர்ந்து விழும். டிரில் அப்படியில்லை. அது பூச்சைத் தள்ளாமல் தூளாக்கி வெளியே எடுத்துவிடுகிறது. 6 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, ராவல் பிளக் செருகி, ஸ்குரூ முடுக்கினால் ஓரம் உடையாது. ஓட்டை போடும் இடத்தில் முதலில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் இன்னும் சுத்தம். இதில் ஒரு முரண் இருக்கிறது. சுத்தியலோடு நிற்பவரைவிட டிரில்லோடு நிற்பவரைப் பார்த்துத்தான் வீட்டுக்காரர்கள் அதிகம் மிரளுகிறார்கள். சேதம் நேர்மாறு.

பழைய வீடு என்றால் கதை வேறு. புதுக்கோட்டை நகரத்தின் ராஜ வீதிகளை ஒட்டிய பழைய வீடுகளில் சுண்ணாம்புக் காரைச் சுவர் இன்னும் இருக்கிறது. இதில் ஆணி வெண்ணெயில் போவது போலப் போகும். ஆனால் பிடிப்பு இருக்காது. படத்தின் எடைக்கு ஆணி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே சரிந்து, ஓட்டை ஒரு கீறலாக நீளும். ஒரு நாள் நள்ளிரவில் தாத்தா படம் தரையில் இருக்கும்.

திருமயம் பக்கம், கடியாபட்டி, ராயவரம் மாதிரி நகரத்தார் ஊர்களின் பெரிய வீடுகளில் இன்னொரு வகைச் சுவர் உண்டு. நன்றாக அரைத்த சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய் ஊறிய நீரும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்கிய சுவர் என்று சொல்வார்கள். கையை வைத்தால் பளிங்கு மாதிரி சில்லென்று இருக்கும். அப்படிப்பட்ட சுவரில் ஒரு ஆணி இறங்கினால், அதைச் சரிசெய்யத் தெரிந்த கொத்தனாரைத் தேடி அலைய வேண்டும். அந்த வீட்டுக்காரர் "ஆணி" என்ற சொல்லைக் கேட்டாலே பதறுவது நியாயம்தான். அந்தப் பதற்றம் ஊர் முழுக்கப் பரவி, நேற்றுக் கட்டிய மாடிப் போர்ஷன் வரைக்கும் வந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

உங்கள் சுவர் எது?

"ஆணி வேண்டாம், ஒட்டுக் கொக்கி வாங்கி ஒட்டிக்கோங்க" என்று எல்லாரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒட்டுக் கொக்கி சுவரைப் பிடிப்பதில்லை, பெயின்டைப் பிடிக்கிறது. பெயின்ட் பட்டியைப் பிடித்திருக்க வேண்டும், பட்டி பூச்சைப் பிடித்திருக்க வேண்டும். இதில் எது பலவீனமோ அதுதான் உங்கள் கொக்கியின் பலம். அதனால் கடைக்குப் போகும் முன் கதவுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத ஒரு இடத்தில் மூன்று காரியம் செய்து பாருங்கள்.

முதலில் உள்ளங்கையால் தேயுங்கள். கையில் வெள்ளையாக மாவு ஒட்டினால் அது சுண்ணாம்படிப்பு. அதில் எதுவும் ஒட்டாது, முயற்சியே வேண்டாம். மாவு வரவில்லையென்றால் ஈரத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் நிறம் ஏறினால் டிஸ்டெம்பர். கொக்கி ஒட்டும், ஆனால் எடுக்கும்போது பெயின்டையும் கூட்டிக்கொண்டு வரும். வாடகை வீடுகளில் பெரும்பாலும் நான் பார்த்தது இதுதான். பழைய சுண்ணாம்பின் மேலேயே அவசரமாக ஒரு கோட்டு டிஸ்டெம்பர் அடித்துவிட்டு "புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு" என்பார்கள். துணியில் நிறமே ஏறவில்லையென்றால் எமல்ஷன். அப்போதும் மூன்றாவது சோதனை பாக்கி இருக்கிறது. ஒரு செல்லோ டேப்பை நன்றாக அழுத்தி ஒட்டி, சட்டென்று இழுங்கள். டேப்பின் பின்பக்கம் சுத்தமாக வந்தால் உங்களுக்கு யோகம்.

அந்த யோகம் இருந்தால் கமாண்ட் மாதிரி இழுத்துக் கழற்றும் பட்டை வைத்த கொக்கிகள் நன்றாக வேலை செய்யும். சாதாரண இரட்டைப் பக்க ஃபோம் டேப் வேண்டாம். அது கழற்றுவதற்காகச் செய்ததில்லை. ஒட்டுமுன் அந்த இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். 30 வினாடி அழுத்திப் பிடியுங்கள். ஒரு மணி நேரம் கழித்துத்தான் எடையைத் தொங்கவிட வேண்டும். நம் ஆட்கள் இந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் பொறுப்பதில்லை. புதுப் பெயின்ட் என்றால் ஒரு வாரமாவது காயட்டும். படுக்கைக்கு மேலே கண்ணாடிச் சட்டம் எதையும் இதில் மாட்டாதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் தரையிலிருந்து ஓதம் ஏறுகிற சுவர் என்றால் இந்தச் சோதனை எதுவும் செல்லாது. உப்புப் பூத்து, பெயின்ட் அப்பளம் மாதிரி எழும்பி நிற்கும். சிலர் அதை மறைக்க ஆன்லைனில் வருகிற ஒட்டுத்தாள், அந்தச் செங்கல் டிசைன் வால்பேப்பர், வாங்கி ஒட்டுகிறார்கள். பிளாஸ்டிக் தாள் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடும். அடுத்த கோடையில் தாளை உரித்தால் பட்டியோடு வரும். அந்தத் தாள் அவ்வளவு பிடித்திருந்தால் ஒரு பிளைவுட் பலகையிலோ சன்போர்டிலோ ஒட்டி, சுவரில் சாய்த்து வையுங்கள். அடுத்த வீட்டுக்கும் கூடவே வரும்.

வீடு ஏற்கெனவே கொடுத்திருப்பவை

இந்தத் தலைப்பில் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் வெளிநாட்டு அபார்ட்மெண்டுகளை வைத்துச் சொல்வது. நம்முடைய வீடுகள் வேறு மாதிரி. இங்கே ஆணி அடிக்காமல் தொங்கவிட எத்தனையோ இடத்தைக் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் முன்பே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஜன்னல் கம்பி முதலாவது. குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் கம்பி, யானை இழுத்தாலும் வராது. பாத்திரக் கடையில் கிடைக்கும் எஸ் வடிவக் கொக்கியை அதில் மாட்டினால் அது ஒரு அலமாரி. எங்கள் சமையலறை ஜன்னலில் கரண்டிகளும், பனை ஓலைக் கொட்டான் ஒன்றில் பூண்டும் வெங்காயமும் தொங்குகின்றன. காற்றோட்டத்துக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. கொட்டான் செட்டிநாட்டுக் கைவேலை. சீர்வரிசைக்கு மட்டும் என்று இருந்ததை எம்.ஆர்.எம்.ஆர்.எம். கலாச்சார அறக்கட்டளையின் விசாலாட்சி ராமசாமி மறுபடி பின்ன வைத்து, இப்போது புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆணி தேவையில்லாத அலங்காரப் பொருள் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான்; வைத்தாலும் அழகு, தொங்கவிட்டாலும் அழகு.

அடுத்து, மேலே பாருங்கள். கூடத்திலோ படுக்கையறையிலோ ஃபேன் கொக்கியைத் தவிர இன்னொரு கொக்கி கான்கிரீட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். தூளி கட்ட வைத்தது. குழந்தையைத் தாங்குவதற்கென்று கூரைக் கம்பியோடு கட்டிக் கான்கிரீட் போட்ட கொக்கி, ஒரு கூடை விளக்கையோ செடித் தொட்டியையோ தாங்காதா? துரு ஏறி இளைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்ற வீட்டில் அந்தக் கொக்கியில் ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து உள்ளே பல்பு விட்டேன். சாயங்காலம் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக நிழல் விழும். வெற்றுச் சுவர்தான், ஆனால் வெறிச்சென்று இல்லை.

மூன்றாவது, பரண். சுவரைச் சுற்றிப் பாதி அறைக்குப் பரண் போடுவது நம் பழக்கம். ஒரு பழைய போர்வையோ புடவையோ எடுத்து, அதன் மேல் ஓரத்தை ஒரு முழம் பரண்மீது விரித்து, அதன் மேல் டிரங்குப் பெட்டியை வைத்துவிட்டால் துணி அப்படியே சுவர்த்திரை மாதிரி தொங்கும். ஓதம் ஏறிய சுவரை மறைக்க வால்பேப்பரைவிட இது மேல். பின்னால் காற்று போகும், எப்போது வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கலாம்.

கடப்பாக் கல் வைத்த திறந்த அலமாரிகளை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். வாடகை வீட்டின் அழகைக் கெடுப்பதில் அவற்றுக்கு முதலிடம். அத்தனை சாமானும் கூட்டமாக நின்று நம்மையே பார்க்கும். இரண்டு பக்கச் சுவருக்கும் நடுவே இறுக்கி நிற்கிற டென்ஷன் ராடு ஒன்றைப் போட்டுத் திரை விட்டால் போதும். உள்ளே இருக்கும் ஸ்பிரிங் இரண்டு பக்கமும் தள்ளுவதால்தான் அது நிற்கிறது. டிஸ்டெம்பர் சுவரில் வட்டமாகத் தடம் விழும் என்பதால் முனைக்கு ஒரு ரப்பர் வில்லை வையுங்கள். மர நிலை என்றால் அந்தக் கவலையும் இல்லை. திரைக்குப் புடவையைவிட மலிவான நல்ல துணி கிடையாது. காரைக்குடிக் கண்டாங்கி ஒன்று பெட்டியில் இருந்தால் எடுங்கள். அந்தக் கட்டமும் அரக்கும் மஞ்சளும் எந்தச் சுவருக்கும் ஒத்துப்போகும். 5.5 மீட்டர் புடவையை வெட்டவே வேண்டாம். இரண்டாக மடித்து ராடின் மேல் போட்டால் 2.75 மீட்டர். கதவு நிலை 7 அடி, அதாவது 2.1 மீட்டர் சொச்சம். மிச்சத்தை மேலே மடித்து ஊக்குக் குத்திவிடலாம். காலி செய்யும்போது துவைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்பது மனைவியின் கணக்கு. இதுவரை கட்டிக்கொண்டதில்லை.

நான் அதிகம் கொண்டாடுவது பீரோவைத்தான். இரும்பு பீரோ இல்லாத வீடு இங்கே ஏது? அது முழுக்க இரும்பு, அதாவது முழுக்கக் காந்தம் ஒட்டுகிற சுவர். ஆறரை அடி உயரத்துக்கு ஒரு பக்கம் முழுதும் சும்மா நிற்கிறது. மகள் பள்ளியிலிருந்து கொண்டுவரும் ஓவியங்களை ஒட்ட இடமில்லாமல் அவை மேசை இழுப்பறையில் கசங்கிக்கொண்டிருந்தன. ஒட்ட வழியில்லை என்று தெரிந்த பிறகு அவளும் காட்டுவதை நிறுத்திவிட்டாள். சின்னச் சின்னக் காந்த வில்லைகள் 20 வாங்கி, பீரோவின் பக்கவாட்டை அவளிடம் கொடுத்துவிட்டோம். வாரம் ஒரு முறை மாற்றுகிறாள். பீரோவைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் ஓதத்தில் பின்பக்கம் துருப்பிடித்து, அந்தத் துருக்கறை சுவரில் ஏறும். அதற்கும் அட்வான்ஸில்தான் பிடிப்பார்கள்.

நாலு நாள் அலங்காரம்

யோசித்துப் பார்த்தால், நிலையாக ஒரு பொருளைச் சுவரில் அறைந்து வைப்பது நமக்குப் புதுப் பழக்கம். கோலம் ஒரு நாள். மாவிலை காய்ந்தால் அவிழ்த்துவிடுவோம். கல்யாணப் பந்தலும் வாழை மரமும் மூன்று நாள். கொலு ஒன்பது நாள் இருந்து பத்தாம் நாள் பெட்டிக்குள் போய்விடும். புதுக்கோட்டை சமஸ்தானத்தில் நவராத்திரி பெரிய விழா. அரிசியோடு அம்மன் காசும் கொடுத்தது அப்போதுதான். அந்தக் காலத்து வீடுகளில் கொலுப்படிக்கு யாரும் ஆசாரியைக் கூப்பிடவில்லை. டிரங்குப் பெட்டி, பெஞ்சு, மரப்பலகை, மேலே ஒரு வெள்ளை வேட்டி. கூடத்தில் ஒரு ராஜ தர்பாரே எழும்பும். ஒரு ஆணி கிடையாது.

இப்போது கழற்றி மாட்டும் இரும்புக் கொலுப்படிகள் கடையில் கிடைக்கின்றன. 9 நாள் தவிர மீதி வருடம் பரணில் கிடக்கும். நான் அதில் மூன்று படியை மட்டும் வருடம் முழுக்கக் கூடத்தில் போட்டிருக்கிறேன். புத்தகம், இரண்டு மண் ஜாடி, ஒரு சின்னக் களிமண் குதிரை. நமணசமுத்திரம் பக்கம் அய்யனார் கோயிலில் வரிசையாக நிற்கும் குதிரைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். படங்களையும் தொங்கவிடாமல் படியில் சாய்த்து வைத்திருக்கிறேன். சட்டத்தின் பின் மூலைகளில் ரப்பர் வில்லை ஒட்டினால் சுவரில் கீறல் விழாது.

சித்தன்னவாசலுக்கு விருந்தினர்களைக் கூட்டிப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனிக்கிறேன். அறிவர் கோயிலில் எல்லாரும் கழுத்தை நிமிர்த்தித்தான் பார்க்கிறார்கள். தாமரைக் குளம், மீன், அன்னம், யானை, பூப் பறிக்கிறவர்கள், எல்லாம் விதானத்தில். நம் வீடுகளில் கண் போகாத இடம் விதானம்தான். தூளிக் கொக்கியில் ஒரு கூடை தொங்கினாலே கண் மேலே போய்விடுகிறது; சுவரில் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிப்பதே குறைகிறது.

அதைவிடப் பெரிய மாற்றம் விளக்கு. வாடகை வீட்டுக் கூடம் ஏன் டிக்கெட் கவுண்டர் மாதிரி இருக்கிறது? சுவரால் அல்ல, அந்த ஒற்றை டியூப்லைட்டால். 6500 கெல்வின் என்று போட்டிருக்கும் நீலம் கலந்த வெள்ளை. அறையின் எல்லா மூலையையும் ஒரே மாதிரி காட்டும். பெயின்ட் திட்டு, ஒயரிங் பட்டி, பழைய ஆணி ஓட்டை எதுவும் தப்பாது. பட்டியில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று பார்த்து, வார்ம் ஒயிட் எல்.இ.டி. பல்பு இரண்டு வாங்குங்கள். ஒன்றைச் சுவரில் இருக்கும் ஹோல்டரிலும், இன்னொன்றைப் பிளக்கில் செருகும் மேசை விளக்கிலும் போடுங்கள். சாயங்காலம் டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் பாருங்கள். இந்தக் குறிப்பில் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். காசும் குறைவு, வீட்டுக்காரரிடம் கேட்கவும் வேண்டாம். (படிக்கிற பிள்ளைகள் மேசைக்கு மட்டும் வெள்ளை வெளிச்சம் இருக்கட்டும்.)

எழுதி வைப்பது

தமிழ்நாட்டில் நில உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. வாடகையை எழுத்து ஒப்பந்தமாகப் போட்டு, வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யச் சொல்கிறது. கட்டடத்தின் அமைப்பை மாற்றுவதற்கும் நிரந்தரமாக ஒன்றைக் கட்டுவதற்கும் உரிமையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்கிறது. ஆணி என்ற சொல் அதில் இல்லை. ஆனால் நம் காரியத்துக்கு முக்கியமான ஒன்று இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பதும் உரிமையாளர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி மாதிரி சில்லறை வேலைகள் நம் பொறுப்பு. முன்பணமும் வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் 3 மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டியதைக் கழித்துக்கொண்டு திருப்பித் தர வேண்டும்.

"வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால்" என்ற இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது. பத்திரம் எழுதுபவர் கையில் ஒரு நகல் இருக்கும். அதில் "காலி செய்யும்போது ஒரு மாத வாடகை பெயின்டிங் செலவுக்குக் கழிக்கப்படும்" என்று ஒரு வரி தூங்கிக்கொண்டிருக்கும். அந்த வரி இருந்தால், எப்படியும் பெயின்டுக்கு நீங்கள்தான் காசு கொடுக்கிறீர்கள். அப்போது கேட்பதற்கு உங்களுக்கு ஒரு இடம் இருக்கிறது. நான் இப்படிக் கேட்டேன்: "ஆச்சி, எப்படியும் பெயின்ட் காசு எடுத்துக்கப் போறீக. கூடத்துல மூணே மூணு இடத்துல, ஆளை வச்சு டிரில் போட்டுக்கிறேன். போகையில நானே அடைச்சுத் தர்றேன். எழுதியே தர்றேன்." ஆச்சி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சாமி ரூம்புல வேணாம். கூடத்துலன்னா சரி, கரண்டு ஒயரு போற இடத்தப் பாத்துக்கங்க தம்பி" என்றார்கள். ஆணி அடிக்கலாமா என்று பொதுவாகக் கேட்டிருந்தால் கூடாது என்றுதான் வந்திருக்கும். எத்தனை, எங்கே, யார் அடைப்பது என்று சொல்லிக் கேட்டதால் பேச முடிந்தது. ஒயர் விஷயத்தில் ஆச்சி சொன்னது சரி. சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் கீழேயும் சுவருக்குள் பைப் ஓடும். அந்தக் கோட்டில் டிரில் வைக்கவே கூடாது.

குடி வருகிற அன்றைக்கே, சாமான் இறக்கும் முன், ஒவ்வொரு சுவரையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "வீடு நல்லா இருக்குங்க, ஏற்கெனவே உள்ள ஆணி, ஓட்டை எல்லாம் படத்துல இருக்கு" என்று ஒரு வரி. சண்டைக்காக அல்ல. 3 வருடம் கழித்து இரண்டு பேருக்குமே ஞாபகம் இருக்காது.

செடி வைப்பதற்கும் இதே மாதிரி ஒரு பயம் பின்னால் இருக்கிறது. மொட்டை மாடியில் தொட்டி வைத்தால் தண்ணீர் தேங்கி, தளம் ஒழுகும் என்பது. தொட்டிகளைத் தரையில் வைக்காமல் இரும்பு ஸ்டாண்டில் உயர்த்தி, கீழே தட்டு வைத்து, மண்ணோடு பாதிக்குப் பாதி தென்னை நார்த்தூள் கலந்தால் எடையும் குறையும், தளமும் காயும். இதை முதலில் செய்து காட்டிவிட்டுக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். ஆனாலும் மாடிச் சாவியைக் கொடுக்கவே மாட்டேன் என்பவரிடம் ஒன்றும் செய்வதற்கில்லை. ஜன்னல் திண்டில் பாம்புக் கற்றாழையும் மணி பிளாண்டும் வளரும்.

காலி செய்யும்போது ஒட்டுக் கொக்கியைக் கழற்றுவதில் ஒரு முறை இருக்கிறது. பட்டையின் வாலைப் பிடித்து உங்களை நோக்கி இழுக்கக்கூடாது. சுவரோடு ஒட்டியபடியே, நேர் கீழாக, மெதுவாக இழுக்க வேண்டும். பட்டை ரப்பர் மாதிரி நீண்டு தானாகவே கழன்றுவிடும். பழகிப் பிடித்துப்போனவற்றுக்கு ஹேர் டிரையரால் கொஞ்சம் சூடு காட்டலாம். மிச்சப் பசையை எடுக்கச் சுவரில் தேங்காய் எண்ணெய் தொடாதீர்கள், கறை போகாது. பள்ளிக்கூட ரப்பரால் உருட்டினால் வந்துவிடும். அப்புறம் வார்ம் ஒயிட் பல்புகளைக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, வந்தபோது இருந்த டியூப்லைட் எரிகிறதா என்று ஒரு முறை போட்டுப் பாருங்கள். வீட்டைத் திருப்பி வாங்க வருகிறவர் உள்ளே நுழைந்ததும் முதலில் போடுகிற சுவிட்ச் அதுதான்.